ஸ்டூடன்ட் விசாவில இரிந்து ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கு: மட்டக்களப்புத் தம்பி ஒருத்தன்ட நிகழ்வு ஆய்வு

இது இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போய், படிப்பு முடிய நேராவே வேலை விசாவுக்கு மாறின ஒரு பொடியன்ட கதை. குடும்பத்துக்கிட்டயும் அவன்கிட்டயும் கேட்டுத்தான் எழுதுறன். பேர், ஊர், யூனிவர்சிட்டி, கம்பனி ஒண்டும் போடல்ல. நான் விசா ஆலோசகர் இல்ல, ஊர்ல வாத்தியாரா இரிந்தவன், இங்கிலீஸ்ல வாற கடிதங்கள வாசிச்சுச் சொல்லச் சொல்லி ஆக்கள் வருவாங்க, அப்பிடித்தான் இந்தக் குடும்பமும் வந்த. தொகையெல்லாம் அந்தந்த நேரத்துல நடைமுறையில இரிந்தது, பிறகு மாறினதுல முக்கியமானத கடைசியில சொல்லியிரிக்கன்.

பின்னணி

குடும்பம் வாவிக்குக் கிழக்க எழுவான்கரையில, வயல் மேற்க படுவான்கரையில. அப்பா குருமண்வெளித் துறையால பாதையில (ஆக்கள ஏத்திப் போற மிதவை) ஏறி அக்கரைக்குப் போய் வெள்ளாம செய்யுறவர். தம்பி கொழும்புல குவான்டிட்டி சேர்வே (கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்கெடுக்கிற படிப்பு, சுருக்கமா கியூ.எஸ்) படிச்சு டிகிரி எடுத்து, அங்கயே ஒரு கட்டடக் கம்பனியில வேலைக்கும் சேந்திட்டான். 2022ல நாடு விழுந்த விழுகையில சீமெந்தும் இல்ல, கம்பியும் இல்ல, சைட் எல்லாம் அப்பிடியே நிண்டு போச்சு, முதல்ல அரைச் சம்பளம், மறுகா அதுவும் இல்ல. அந்த வருசத் தொடக்கத்துல 270 ரூபாயளவில இரிந்த பவுண்ஸ் சில மாசத்துல 400ஐத் தாண்டிச்சு. போறதெண்டா இப்பவே போகணும் எண்டு வீட்டுல முடிவெடுத்தது அப்பதான்.

2023 செப்டெம்பர் இன்டேக். லண்டனுக்கு வெளிய படிக்கிறதெண்டா அப்ப மாசத்துக்கு 1,023 பவுண்ஸ் வீதம் 9 மாசத்துக்கு பேங்க்ல காசு காட்டணும், அது 9,207 பவுண்ஸ், அந்த நேரத்து ரூபாயில 37 லட்சத்துக்குக் கிட்ட. அத 28 நாள் கணக்குல ஒரு சதமும் கீழ இறங்காம வைச்சிருக்கணும், கட்டாம மிச்சம் கிடக்கிற கோர்ஸ் ஃபீசும் அதோட சேரும். அம்மாட நகை அடகுக்குப் போச்சு, வயல்ல ஒரு துண்டு ஈடு வைச்ச, மாமா ஒராள் கொஞ்சம் மாறிக் குடுத்தாரு. இத ஏன் சொல்லுறன் எண்டா, பின்னால எடுத்த ஒவ்வொரு முடிவுலயும் இந்தக் கடன் வந்து நிண்டிச்சு. வட்டி கட்டுற வீட்டுக்கு "பொறுங்க" எண்டு சொல்லுறது லேசான விசயமில்ல.

படிப்புக் காலத்துல கண்டது

ஒரு வருசக் கோர்ஸ், அதுக்கு மேல 4 மாசம் சேத்து விசா 2025 ஜனவரிக் கடைசி வரைக்கும். தவணைக் காலத்துல கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். கிழமை எண்டா திங்கள்ல தொடங்கி ஞாயிறு வரைக்கும், இந்தக் கிழம 12, அடுத்த கிழம 28 எண்டு சராசரி பாக்க ஏலாது.

தம்பி இரிந்த வீட்டுல வேற பொடியனுகளும் இரிந்தாங்க. ரெண்டு பேர் சாப்பாடு டெலிவரி அக்கவுண்ட வேற ஆள்ட பேர்ல வாடகைக்கு எடுத்து ஓடினாங்க. ஸ்டூடன்ட் விசாவில சொந்தத் தொழில் செய்யவே ஏலாது, டெலிவரி ஓட்டம் சொந்தத் தொழிலாத்தான் கணக்கு, அதுவும் ஆள் மாறி ஓடுறது ரெட்டைப் பிழை. கோடையில "லீவுதானே" எண்டு 40 மணித்தியாலம் செய்தவங்களும் இரிந்தாங்க. மாஸ்டர்ஸ் ஆக்களுக்கு டிசர்டேஷன் எழுதுற கோடையும் தவணைக் காலம்தான், அந்த விசயம் கன பேருக்குத் தெரியாது. தம்பி வேலை செய்த சுப்பர் மார்க்கட்டுலயும் ஓகஸ்ட்ல கூட மணித்தியாலம் தாறம் எண்டு கேட்டாங்க, அவன் யூனிவர்சிட்டி தவணை அட்டவணையக் காட்டி ஏலாதெண்டு சொல்லிட்டான். எல்லா பே ஸ்லிப்பும் மாசம் மாசமா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைச்சிருந்தான், பின்னால அது உதவிச்சு.

2024 ஏப்ரல் 4ல ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 26,200ல இரிந்து 38,700 பவுண்ஸுக்கு ஏறிச்சு. ஊருக்குள்ள இது "இனி ஒருத்தருக்கும் விசா கிடைக்காதாம்" எண்டு வந்து சேந்திச்சு. அப்பா அண்டைக்கு என்னட்ட வந்து, "சேர், ஒரு வருசம் முழுக்கப் படிச்சதும் வீணா, இவன் கிறுகி வர வேண்டியதுதானா" எண்டு கேட்டாரு. வாசிச்சுப் பாத்தா, ஸ்டூடன்ட் விசாவில இரிந்து மாறுறவங்க நியூ என்ட்ரன்ட் எண்ட வகைக்குள்ள வருவாங்க, அவங்களுக்கு எல்லை 30,960. ஆனா அந்தத் தொழிலுக்கு ஹோம் ஒஃபிஸ் (விசா குடுக்கிற அந்த நாட்டு உள்துறை) போட்டிரிக்கிற கோயிங் ரேட்ல, அதாவது அந்தத் தொழிலுக்கான வழமைச் சம்பளத்துல, 70 வீதமும் பாக்கணும், ரெண்டுலயும் எது கூடவோ அதுதான் எல்லை. எங்கட ஆக்கள்ல பாதிப் பேர் 38,700 எண்ட ஒரே இலக்கத்தக் கேட்டே மனம் விட்டுட்டாங்க எண்டு நினைக்கிறன்.

யூன்ல ஒரு சின்னக் கட்டடக் கம்பனியில அவனுக்குக் கிழமைக்கு ரெண்டு நாள் வேலை கிடைச்சிச்சு, சுப்பர் மார்க்கட் மணித்தியாலத்தக் குறைச்சு ரெண்டும் சேந்து 20க்குள்ள வைச்சுக்கொண்டான். வந்த கொஞ்ச நாள்ல ஒரு வீட்டு வேலைக்கான அளவுப் பட்டியலப் பாத்து, சுவர் அளவுல யன்னல், கதவு வாற இடங்களக் கழிக்காம செங்கலும் பூச்சும் கணக்குப் போட்டிரிக்கெண்டு பிடிச்சிட்டான். முதலாளி மறுகா எல்லா டெண்டர் பேப்பரையும் அவன்ட கையாலதான் அனுப்பினாரு. ஸ்பொன்சர் பண்ணுறது எண்ட கதை வந்ததே இதுக்குப் பிறகுதான்.

முன்னால இரிந்த மூணு வழி

2024 ஒக்டோபர்ல நிலமை இதுதான்: டிசர்டேஷன் குடுத்தாச்சு, ரிசல்ட் நவம்பர்ல வரும், விசா ஜனவரிக் கடைசியில முடியும்.

முதல் வழி கிராஜுவேட் விசா. ஆர்ட ஸ்பொன்சரும் தேவையில்ல, ரெண்டு வருசம், விரும்பின வேலை செய்யலாம். செலவு 822 பவுண்ஸ் ஃபீசும், வருசத்துக்கு 1,035 வீதம் ஹெல்த் சார்ஜ் 2,070உம், மொத்தம் 2,892.

ரெண்டாவது, அந்தச் சின்னக் கம்பனி மூலமா நேரா ஸ்கில்ட் வேர்க்கர். சிக்கல் என்னெண்டா வெளிநாட்டு ஆள எடுக்கத் தேவையான ஸ்பொன்சர் லைசன்ஸே கம்பனிக்கு இல்ல.

மூணாவது வழி ஊர்ல இரிந்து வந்திச்சு. டவுன்ல இரிக்கிற ஒரு ஏஜென்ட் அப்பாவத் தேடி வீட்டுக்கே வந்து, கெயார் ஹோம் (பராமரிப்பு இல்லம்) ஒண்டுல சி.ஓ.எஸ் எண்ட ஸ்பொன்சர் சான்று எடுத்துத் தாறன், 15,000 பவுண்ஸ், பாதி முன்னால எண்டு சொல்லியிரிக்கான். அம்பத்தேழு லட்சத்துக்குக் கிட்ட. அப்பா மிச்ச வயல்ட உறுதியையும் பெட்டியில இரிந்து எடுத்து மேசையில வைச்சிட்டாரு. "சேர், அவன் ஒரு மாசத்துல கையில தாறனெண்டு சொல்லுறான், இவன்ட முதலாளி இன்னும் ஃபோம் ஒண்டும் நிரப்பல்ல" எண்டு அவர் சொன்ன நேரம் அவர்ட கோபத்துல நியாயம் இல்லாம இல்ல.

எடுத்த முடிவும் காரணமும்

ஏஜென்ட வேணாமெண்டு முதல்லயே தள்ளின. சி.ஓ.எஸ் எண்டது முதலாளி தன்ட லைசன்ஸ்ல இரிந்து போடுற ஒரு பதிவு, அது விக்கிற சாமான் இல்ல. அந்த ஹோம்ட லைசன்ஸ ஹோம் ஒஃபிஸ் பறிச்சா வேலை செய்யுற பிள்ளைட விசாவையும் வெட்டுவாங்க, வேற ஸ்பொன்சர் தேட வழமையா 60 நாள்தான் தருவாங்க, குடுத்த காசத் திரும்ப எடுக்கிறதும் லேசில்ல. கியூ.எஸ் படிச்ச பிள்ளை கெயார் வேலைக்கு மாறினா அடுத்த விசாவுக்கு அவன்ட படிப்பும் அனுபவமும் உதவாது எண்டதும் சேந்திச்சு. அப்பாவ ஒத்துக்கொள்ள வைக்க ஒரு கிழமைக்கு மேல போச்சு. கடைசியில அவர மாத்தினது என்ட பேச்சு இல்ல, பக்கத்து ஊர்ல இதே மாதிரிப் போன பிள்ளைட தகப்பன் நேர்ல வந்து கதைச்சதுதான்.

மிச்சம் ரெண்டு வழி. எல்லாரும் சொன்னது, "கிராஜுவேட் விசாவ எடு, ரெண்டு வருசம் நிம்மதியா வேலை தேடு." சும்மா பாத்தா அதுதான் புத்தி. ஆனா தம்பி அங்க பதிவுசெய்த ஒரு ஆலோசகருக்குக் காசு கட்டி ஒரு மணித்தியாலம் கதைச்சான், அப்ப ஓ.ஐ.எஸ்.சி எண்டு சொன்ன, 2025 ஜனவரியில இரிந்து இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டி எண்டு பேர் மாறின அமைப்புல பதிஞ்ச ஆள். அந்த ஒரு மணித்தியாலத்துல தெரிய வந்தது மூணு விசயம்.

நியூ என்ட்ரன்ட் சலுகை மொத்தம் 4 வருசத்துக்குத்தான், கிராஜுவேட் விசாவில இரிக்கிற காலமும் அந்த 4 வருசத்துக்குள்ளயே கழியும். ரெண்டு வருசம் அங்க போனா மிச்சம் ரெண்டுதான், மறுகா முழுச் சம்பள எல்லை. அடுத்தது, ஸ்கில்ட் வேர்க்கர்ல அப்ப இரிந்த விதிப்படி 5 வருசத்துல நிரந்தர வதிவிடம் கேக்கிற கணக்குல கிராஜுவேட் விசாக் காலம் சேராது. மூணாவதுதான் முதலாளிய அசைச்சது: வெளிநாட்டு ஆள எடுக்கிற முதலாளி இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் எண்டு ஒண்டு கட்டணும், சின்னக் கம்பனிக்கு அப்ப வருசத்துக்கு 364, மூணு வருசத்துக்கு 1,092 பவுண்ஸ். ஸ்டூடன்ட் விசாவில இரிந்து நேரா மாறுற ஆளுக்கு அது கட்டத் தேவையில்ல. கிராஜுவேட் விசாவுக்குப் போய் வந்து மாறினா கட்டணும்.

அதாவது இந்தப் பொடியன எடுக்க ஆகக் குறைஞ்ச செலவு ஜனவரிக்குள்ள எடுத்தா மட்டும்தான். தம்பி இத ஒரு பேப்பர்ல ரெண்டு நிரலாப் போட்டு, லைசன்ஸ் ஃபீஸ் 536, சி.ஓ.எஸ் 239, ஸ்கில்ஸ் சார்ஜ் ஒரு பக்கம் பூச்சியம் மத்தப் பக்கம் 1,092 எண்டு எழுதி முதலாளிட மேசையில வைச்சான். தன்ட தொழிலே அளவும் விலையும் எழுதுறது, அந்தப் பாசையிலயே கேட்டிரிக்கான், எனக்கு இந்த இடம் நல்லாப் பிடிச்சிச்சு.

அதோட ஒரு கடைசித் தேதியும் வைச்சாங்க. ஜனவரி 15க்குள்ள லைசன்ஸ் வரல்லையெண்டா அண்டைக்கே கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கிற. அதுக்காக நவம்பர்ல ரிசல்ட் வந்தோண்ண, கோர்ஸ் முடிஞ்சதெண்டு யூனிவர்சிட்டி ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிச்சிட்டா எண்டு எழுத்துல கேட்டு எடுத்து வைச்சான், அந்த அறிவிப்பு போகாம கிராஜுவேட் விசா இல்ல.

லைசன்ஸும் சம்பளமும்

முதலாளிக்கு இது புதுசு. காப்புறுதிச் சான்றிதழ் பழசு, புதுப்பிச்ச பேப்பர் எங்கயெண்டு தெரியல்ல, தொழிலாளர் காப்புறுதி குறைஞ்சது 50 லட்சம் பவுண்ஸுக்கு இரிக்கணும். அது கிடைக்கவே ஒக்டோபர் முடிஞ்சிச்சு. ஒன்லைன்ல விண்ணப்பம் போட்டா மிச்ச ஆவணங்கள 5 வேலை நாளுக்குள்ள அனுப்பணும், அதனால எல்லாத்தையும் கையில வைச்சிட்டுத்தான் நவம்பர் முதல் கிழமையில போட்டாங்க. ஃபோம்ல, வாற வருசத்துக்கு எத்தின சி.ஓ.எஸ் வேணும் எண்டு ஒரு கேள்வி இரிக்கு. முதலாளி "இப்பக்கி ஒண்டும் இல்லத்தானே" எண்டு பூச்சியம் போட்டு வைச்சிரிந்தாரு. ஆலோசகர் கடைசிப் பார்வையில அதப் பிடிச்சு 1 எண்டு மாத்தினாரு. பூச்சியத்தோட போயிரிந்தா லைசன்ஸ் கிடைச்சும் சி.ஓ.எஸ் இல்ல, மறுபடியும் வேறயா கேட்டுக் காத்திருக்கிற நிலமை.

சம்பளத்துலயும் ஒரு பொறி. முதல் ஒஃபர் லெட்டர்ல 31,500 பவுண்ஸ், கிழமைக்கு 45 மணித்தியாலம். 30,960க்கு மேலதானே எண்டு தம்பியும் சந்தோசப்பட்டான். கோயிங் ரேட் கிழமைக்கு 37.5 மணித்தியாலத்துக்குப் போட்டது, அதுக்கு மேல வேலை எண்டா அந்த வீதத்துக்கு எல்லையும் ஏறும். 45 எண்டா 1.2 மடங்கு. கணக்குப் போட்டா 31,500 எங்கயும் கிட்ட நிக்காது, அந்த லெட்டரோட போயிரிந்தா மறுப்புத்தான். ரெண்டு கிழமப் பேச்சுக்குப் பிறகு 37.5 மணித்தியாலம், 35,000 எண்டு முடிவாச்சு. முதலாளி இறங்கி வந்ததுக்குக் காரணம் இரக்கம் எண்டு நான் நினைக்கல்ல, டெண்டர் வேலைக்கு அவருக்கு வேற ஆள் இல்ல.

தொழில் கோடும் (ஒவ்வொரு தொழில் வகைக்கும் உள்ள இலக்கம்) முக்கியம். வேலைப் பேர் அசிஸ்டன்ட் எண்டு இரிந்ததால முதலாளிட கணக்காளர் டெக்னீசியன் கோட்ல போடச் சொன்னாரு, எல்லை குறைவா இரிக்குமாம். ஆனா அவன் செய்யுற வேலை முழுக்க குவான்டிட்டி சேர்வேயர் வேலை. செய்யுற வேலை ஒண்டு, கோட் இன்னொண்டு எண்டு இரிந்தா மறுப்புக்கு அது போதும், அதனால சரியான கோட்லயே போட்டாங்க.

டிசம்பர்ல வீட்டுல ஒரு பெரிய பயம். தம்பிட பயோமெட்ரிக் கார்ட்ல 31 டிசம்பர் 2024 எண்டு கிடந்திச்சு, அம்மா அந்தப் படத்தக் காட்டி விசா முடியுது எண்டு அழுறா. விசா முடியுற நாள் அது இல்ல, அந்த நாட்டுல கார்ட்ட நிப்பாட்டி இ-விசாவுக்கு மாறினதால, அதுக்குப் பிறகு விசா முடியுற ஆக்கள்ட கார்ட்லயும் அந்தத் தேதிதான் அச்சடிச்சிரிந்த. அவன் இ-விசா அக்கவுண்ட் திறந்து ஜனவரித் தேதியக் காட்டின பிறகுதான் வீடு அமைதியாச்சு.

விண்ணப்பமும் காத்திருப்பும்

லைசன்ஸ் ஜனவரி முதல் கிழமையில கிடைச்சிச்சு. ரெண்டாம் கிழமையில சி.ஓ.எஸ் போட்டாங்க, வேலை தொடங்குற தேதி கோர்ஸ் முடிஞ்ச தேதிக்குப் பிறகுதான் இரிக்கணும், அது சரியா இரிந்திச்சு. விசா முடிய முன்னமே விண்ணப்பம் போட்டாச்சு: ஃபீஸ் 827, மூணு வருச ஹெல்த் சார்ஜ் 3,105, மொத்தம் 3,932 பவுண்ஸ். ஒரு வருசத்துக்கு மேல அங்க விசாவோட இரிந்தவனெண்டதால பேங்க்ல காசு காட்டத் தேவைப்படல்ல. விசா முடிய முன்ன போட்ட விண்ணப்பம் எண்டதால, முடிவு வரும் வரைக்கும் பழைய விசாட உரிமை தொடரும்.

பெப்ரவரியில அம்மம்மா மோசம் போயிட்டா. தம்பிய வளத்ததே அவதான். முடிவு வாறதுக்குள்ள நாட்ட விட்டு வெளிய போனா விண்ணப்பம் விலக்கின கணக்கு, கட்டின விண்ணப்ப ஃபீசும் போய் விசாவும் இல்லாம நிக்கணும். அம்மா, "வராத மனே, அவவும் இதத்தான் சொல்லியிரிப்பா" எண்டு ஃபோன்ல சொன்னா. பெட்டி மூடுற வரைக்கும் மச்சான் ஒருத்தன் வீடியோ கோல்ல ஃபோனப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். முப்பத்தொண்டு செலவுக்கு மட்டும் காசு அனுப்பினான். இத எழுதுறது, விசாவுக்கு விண்ணப்பிக்கிறவங்க இதையும் செலவுக் கணக்குல சேத்துப் பாக்கணும் எண்டதுக்காக.

மார்ச்ல முடிவு வந்திச்சு. 2028 மார்ச் வரைக்கும் மூணு வருச ஸ்கில்ட் வேர்க்கர் விசா.

என்ன வேற மாதிரி செய்யலாம்

லைசன்ஸ் கதைய யூன்லயே தொடங்கியிரிக்கணும். முதலாளிட மனசு அப்ப அசையுமா எண்டது வேற, ஆனா காப்புறுதிப் பேப்பர் மாதிரிச் சின்ன விசயங்கள் அப்பவே வெளிய வந்திரிக்கும், ஜனவரி நெருக்கடி வந்திராது. இன்னொண்டு, வேலைக்கு விண்ணப்பிக்கிற நேரமே லைசன்ஸ் உள்ள கம்பனிகள்ட பட்டியலப் பாக்கலாம், அது கவ்.யூகே தளத்துல எல்லாருக்கும் திறந்து கிடக்கு, ஏஜென்ட்டுக்கிட்ட கேக்கத் தேவையில்ல. ஒரு ஏஜென்ட் சொல்லுற ஹோம் அந்தப் பட்டியல்ல இரிந்தாலும் அவன் கேக்கிற காசு சரியாகிடாது எண்டதையும் வீட்டுல இரிக்கிற பெரியவங்களுக்கு முதல்லயே விளங்கப்படுத்தணும், அவங்கட கையிலதான் உறுதி இரிக்கு.

ஆலோசகருக்குக் கட்டின காசு தம்பிக்கு அப்பப் பாரம்தான். ஆனா பூச்சியத்தையும் 45 மணித்தியாலத்தையும் பிடிச்சது அந்த ஆள்.

பிறகு வந்த மாத்தங்கள்

இத வாசிச்சிட்டு இதே தொகைகள நம்பிப் போட்டிராதீங்க. 2025 யூலை 22ல இரிந்து பொது எல்லை 41,700, நியூ என்ட்ரன்ட்டுக்கு 33,400. தொழில் மட்டமும் டிகிரி மட்டத்துக்கு ஏறிட்டு, கீழ்மட்டத் தொழில்கள்ல சிலது மட்டும் தற்காலிகப் பட்டியல்ல நிக்குது. முதலாளிட கணக்காளர் சொன்ன டெக்னீசியன் கோட்ட இப்ப ஒராள் எடுக்கப் போனா முதல்ல அந்தப் பட்டியலத்தான் பாக்கணும். கெயார் வேலைக்கு வெளிநாட்டுல இரிந்து ஆள் எடுக்கிறத அதே நாள்ல மூடிட்டாங்க, ஆனாலும் ஊர்ல இன்னும் அத வித்துக்கொண்டு திரியுறானுகள். சி.ஓ.எஸ் ஃபீஸ் 2025 ஏப்ரல்ல 525 ஆச்சு. ஸ்கில்ஸ் சார்ஜ் 2025 டிசம்பர் 16ல இரிந்து சின்னக் கம்பனிக்கு வருசத்துக்கு 480, பெரிய கம்பனிக்கு 1,320. அதனால ஸ்டூடன்ட் விசாவில இரிந்து நேரா மாறுறதுல முதலாளிக்கு மிஞ்சுற தொகை முந்தியவிடக் கூட. 2027 ஜனவரியில இரிந்து மாஸ்டர்ஸ் ஆக்களுக்குக் கிராஜுவேட் விசா 18 மாசம்தான்.

தம்பிக்கு 2028ல புதுப்பிக்கிற நேரம் நியூ என்ட்ரன்ட் காலத்துல கூடினது ஒரு வருசம்தான் மிஞ்சும், அதுக்குப் பிறகு முழு எல்லை. அதனால இப்பவே ரிக்ஸ் எண்ட சேர்வேயர் அமைப்புட சார்ட்டட் தகுதிக்குப் படிக்கத் தொடங்கிட்டான், சம்பள ஏத்தத்தையும் வருசா வருசம் எவ்வளவெண்டு முதலாளிட்ட எழுத்துல கேட்டிரிக்கான். ஊர்ல அம்மாட நகை மீண்டாச்சு. வயல்த் துண்டு இன்னும் ஈட்டுலதான், வாற பெரும்போக வெள்ளாமையோட அதையும் மீட்டுடலாம் எண்டு அப்பா சொல்லுறாரு.